பழைய வண்டியும் குறைந்த பணமும்

கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893ஆம் ஆண்டு பிறந்த ஜி. டி. நாயுடு, இளமையில் ஒருநாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ‘ரட்ஜ்’ மோட்டார் சைக்கிளைக் கண்டார். கண்டது முதல் அவருக்கு வேறு நினைவே இல்லை. ஆயினும் கையில் பணம் இல்லை. எனவே கோவை நகருக்குச் சென்று உணவு விடுதி ஒன்றில் பணியாளராகச் சேர்ந்தார். ஊதியத்தைச் சிறுகச் சிறுகச் சேமித்தார். சில ஆண்டுகளுக்குப் பின் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார். வாங்கியதைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பார்த்து, மீண்டும் தாமே பூட்டினார். 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டி, பின்னர் மின் மோட்டார் முதலிய பல கருவிகளைச் செய்து புகழ்பெற்ற அம்மேதையின் இயந்திரக் கல்வி தொடங்கிய இடம் கல்லூரி அன்று. தரையில் பரப்பி வைத்த அந்த வண்டியின் உறுப்புகளே அவருக்குப் பாடநூல்.

பழைய மோட்டார் சைக்கிள்களைத் தேடிப்பிடித்துச் செப்பனிடும் ஆர்வம் இன்று நம் இளைஞரிடையே பெருகி வருகிறது. ஓய்வுபெற்ற பெரியவர் சிலரும் இதில் ஈடுபடுகின்றனர். ‘இது பணக்காரர் பொழுதுபோக்கு, நமக்கு ஏன்?’ என்று கேட்போர் பலர். உண்மை அதற்கு மாறானது. பணம் மிகுந்தவர் பழுதுபட்ட உறுப்பை எறிந்துவிட்டுப் புதியதை வாங்கிப் பூட்டுகிறார். பணம் குறைந்தவரோ அதே உறுப்பைத் துடைத்து, அளந்து, செப்பனிட்டு மீண்டும் பொருத்துகிறார். பழம்பொருளைக் காப்பது என்ற சொல்லுக்கு உரியது இரண்டாமவர் செய்கையே அல்லவா?

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. முறை அறியாமல் ஆசையால் இறங்கியவர், வீட்டுச் சேமிப்பைக் கரைத்த பின்பு, பாதி கழற்றிய வண்டியைச் சாக்கு மூட்டைகளில் கட்டிக் காயலான் கடைக்கு எடைக்கு எடை போடுவதும் நடக்கிறது. அங்கே இரண்டு இழப்புகள்: குடும்பத்தின் பணமும் போயிற்று, ஐம்பது ஆண்டு தாங்கிய வண்டியும் போயிற்று. இவ்விரண்டையும் காத்துக்கொண்டு இவ்வேலையைச் செய்யும் வழி எது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் நாட்டுப் பழைய வண்டிகள்

எந்த வண்டிக்கு உதிரிப் பாகம் கிடைக்கும், எதற்குக் கிடைப்பது அரிது என்பதை அந்தந்த வண்டியின் வரலாறே தீர்மானிக்கிறது. ஆகவே முதலில் அதைச் சற்றே அறிவோம்.

நம் சாலைகளில் முதலிடம் ‘புல்லட்’டுக்கு. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்பீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1955ஆம் ஆண்டில் ‘என்பீல்டு இந்தியா’வைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தொடக்கத்தில் கடல் கடந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். சில ஆண்டுகளில் முழு வண்டியும் இங்கேயே உருவாயிற்று. ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. தாய் மறைந்த பின்னும் மகள் தழைத்தது போல, சென்னையில் புல்லட் தொடர்ந்து பிறந்துகொண்டிருந்தது. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட அதன் 346 சி.சி. வார்ப்பிரும்பு இயந்திரம், புதிய நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடியும் காலம் வரை அடிப்படையில் பெரிதும் மாறவில்லை. இதனால் விளைந்த நன்மை பெரிது. அறுபதுகளின் வண்டிக்கு வேண்டிய பாகம் பலவற்றைத் தொண்ணூறுகளின் வண்டியிலிருந்து எடுத்துப் பொருத்தலாம். சிறிய பணப்பை உடையவருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

அடுத்தது ‘ஜாவா’. செக்கோஸ்லோவாக்கிய நாட்டு அமைப்பை ஏற்று, ஐடியல் ஜாவா நிறுவனம் 1961ஆம் ஆண்டில் மைசூரில் இதைத் தயாரிக்கத் தொடங்கியது. 1970களில் வண்டியின் பெயர் ‘யெஸ்டி’ என்றாயிற்று. 1996இல் ஆலை மூடப்பட்டது. ஒற்றைச் சிலிண்டருக்கு இரண்டு புகைக்குழாய்கள், உதைத்து இயக்கும் கோலே கியர் மாற்றும் கோலாகவும் பயன்படுதல் ஆகியவை இதன் தனிச் சிறப்புகள். இரண்டு வீச்சு இயந்திரமாதலால் வால்வுகள் இல்லை. அவற்றை இயக்கும் தண்டும் இல்லை. ஆகவே கற்றுக்கொள்வோர்க்கு எளிது. 2018இல் ஜாவா என்ற பெயரில் மீண்டும் வண்டிகள் வந்தன. அவை முற்றிலும் வேறான புதிய படைப்புகள். அவற்றின் இயந்திரப் பாகங்கள் பழைய ஜாவாவுக்குப் பொருந்தா.

மூன்றாவது, எஸ்கார்ட்ஸ் நிறுவனம் போலந்து நாட்டு அமைப்பைக் கொண்டு தயாரித்த ‘ராஜ்தூத்’. பால்காரர் முதல் கிராம சேவகர் வரை பலருக்கும் அது உழைத்தது. அதே நிறுவனம் ஜப்பானின் யமஹாவோடு சேர்ந்து 1983இல் வெளியிட்ட ‘ராஜ்தூத் 350’, 1985 முதல் 1996 வரை தயாரித்த ‘ஆர்.எக்ஸ். 100’ ஆகியவற்றை இன்று இளைஞர் போட்டியிட்டு வாங்குகின்றனர். விலையும் அதற்கேற்ப ஏறிவிட்டது.

எதை வாங்குவது?

குறைந்த வருவாய் உள்ளவர் தம் கனவில் வரும் வண்டியைத் தேடக் கூடாது. தம் ஊரில் உதிரிப் பாகமும் மெக்கானிக்கும் கிடைக்கும் வண்டியையே தேட வேண்டும். வெளிநாட்டு வண்டி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிட்டால், அதன் கார்புரேட்டரில் உள்ள ஒரு சிறு ஊசிக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

இரண்டாவது விதி, ஓடாத வண்டியை வாங்கலாம். உறுப்பு குறைந்த வண்டியை வாங்கலாகாது என்பது. துருப்பிடித்தது, இறுகிப்போனது, நிறம் மங்கியது ஆகியவற்றை உழைப்பால் சரிசெய்யலாம். இல்லாததை உழைப்பால் கொண்டுவர இயலாது. பிஸ்டன் கடையில் கிடைக்கும். ஆனால் முன்விளக்கின் மூடி, அசல் வேகமானி, கருவிப்பெட்டியின் கதவு, எரிபொருள் தொட்டியின் பெயர்த்தகடு போன்ற சிறு பொருள்கள்தாம் பின்னர் பெருஞ்செலவு வைக்கும். ஆகவே வாங்கப் போகும்போது அந்த வகை வண்டியின் படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, முன்சக்கரம் முதல் பின்சக்கரம் வரை எதெது இருக்கிறது, எதெது இல்லை என்று எழுதிப் பார்க்க வேண்டும். பட்டியலில் ‘இல்லை’ என்ற சொல் பெருகினால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வணங்கிவிட்டுத் திரும்பிவிடலாம்.

மூன்றாவது விதி, வாங்கும் விலையோடு செலவு முடிவதாக எண்ணாமை. கையில் உள்ள தொகையில் பாதிக்கு மேல் வண்டிக்குக் கொடுத்துவிடக் கூடாது. மறுபாதி செப்பனிடுவதற்கு வேண்டும். இது சட்டம் அன்று. ஆயினும் இதை மீறியவரின் வண்டி பெரும்பாலும் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

காகிதமே முதல் பாகம்

இயந்திரம் எவ்வளவு நன்றாக இருப்பினும், ஆர்.சி. புத்தகம் இல்லாத வண்டி சாலையில் செல்ல உரிமையற்றது. சேசிஸ் எண்ணும் இயந்திர எண்ணும் புத்தகத்தில் உள்ளவாறே இருக்கின்றனவா என்று, துணியால் துடைத்து, நல்ல வெளிச்சத்தில், ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட வேண்டும். எண் தேய்க்கப்பட்டிருந்தாலோ மீண்டும் பொறிக்கப்பட்டது போல் தோன்றினாலோ, அது திருட்டு வண்டியாக இருக்கக் கூடும். பேரம் பேசாமல் விலகுவதே அறிவுடைமை. வேறு மாநிலத்து வண்டியாயின் அங்குள்ள அலுவலகத்தின் தடையின்மைச் சான்றும் தேவை.

குடும்பங்களுக்கு இன்றியமையாத செய்தி ஒன்று இங்கே உண்டு. தந்தையோ பாட்டனாரோ மறைந்த பின், அவர் பெயரிலுள்ள வண்டி பல வீடுகளில் அப்படியே நின்றுவிடுகிறது. உரிமையாளர் இறந்தால், வண்டியைத் தொடர்ந்து வைத்திருக்கும் வாரிசு 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குத் தெரிவித்து, மூன்று மாதத்திற்குள் பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. துக்க நாள்களில் இதை நினைப்பவர் அரியர். ஆண்டுகள் கடந்தபின் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஒப்புதல் என்று அலைச்சல் பெருகுகிறது. உடன்பிறந்தோரிடையே மனத்தாங்கலும் வருவதுண்டு. தந்தையின் நினைவாக வண்டியைக் காக்க விரும்புவோர், முதலில் காக்க வேண்டியது அந்தப் புத்தகத்தையே.

மேலும், பதிவு செய்து 15 ஆண்டுகள் முடிந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும்; அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனைக்குக் கொண்டு சென்று மீண்டும் புதுப்பிக்க வேண்டும். ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கென மத்திய அரசு 2021 ஜூலையில் தனி விதிகளை வெளியிட்டது. அவற்றின்படி, சேசிஸ், உடற்பகுதி, இயந்திரம் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்யப்படாத வண்டியை ‘விண்டேஜ்’ வண்டியாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். அவ்வாறு பதிவான வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு முதலியவற்றிற்கு ஓட்டலாமேயன்றி அன்றாடப் பயணத்திற்கோ வணிகத்திற்கோ ஓட்டலாகாது. நாள்தோறும் அலுவலகம் செல்ல நினைப்பவர் இந்தப் பதிவை நாடாமல், பழைய பதிவையே முறையாகப் புதுப்பித்துக்கொள்வது நன்று.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்

வண்டி வீட்டுக்கு வந்த அன்றே அதைக் கழற்றுவது இளமையின் இயல்பு. கழற்ற ஒரு மாலைப் பொழுது போதும். பூட்ட ஓர் ஆண்டும் போதாமற் போகலாம். எனவே முதல் வேலை, ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது. கம்பிகள் எந்த வழியாகச் செல்கின்றன, எந்த வாஷர் எந்த நட்டுக்குக் கீழே இருக்கிறது என்பனவெல்லாம் பின்னர் அப்படங்களால்தான் தெரியவரும். கழற்றிய நட்டு, போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாக்களில் இட்டு, எந்த இடத்தைச் சேர்ந்தவை என்று எழுதி ஒட்ட வேண்டும். இதற்குக் காசு செலவில்லை, பொறுமைதான் செலவு.

நெடுநாள் நின்ற வண்டியில் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகியிருக்கக் கூடும். அப்போது உதைகோலின் மேல் ஏறி மிதித்தால் உள்ளே பற்சக்கரம் உடையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றிச் சில நாள் ஊறவிட வேண்டும். பின்னர் மேல் கியரில் இட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் பெரும்பாலும் இளகிவிடும்.

அதன்பின் பார்க்க வேண்டியவை மூன்றே: தீப்பொறி, எரிபொருள், அழுத்தம். இம்மூன்றும் சரியாக இருந்தால் எந்தப் பெட்ரோல் இயந்திரமும் உயிர் பெற்றே ஆக வேண்டும். பாயின்டுகளின் முனையைத் தூய்மை செய்து, இடைவெளியை ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டராக வைத்தால் தீப்பொறி வரும். கார்புரேட்டரின் ஜெட்டுகளில் அடைத்த பிசினை நீக்கினால் பெட்ரோல் பாயும். அழுத்தம் இல்லையெனில்தான் சிலிண்டரைத் திறக்க வேண்டும். இந்த வரிசையை அறியாமல் இயந்திரம் முழுவதையும் பிரித்துப் போட்டுச் செலவுக்கு ஆளாவோர் பலர்.

புல்லட்டைக் கிளப்புவதிலும் ஒரு முறை உண்டு. சாவியைத் திருப்பிவிட்டு உதைகோலை மெல்ல அழுத்தினால், முன்விளக்கின் மேலுள்ள அம்மீட்டரின் முள் ஒருபுறம் சாய்ந்து மீண்டும் நடுவே வரும். அவ்விடத்தில் நிறுத்தி, டிகம்ப்ரஷர் கோலைப் பிடித்துச் சிறிது தாண்டச் செய்து, கோலை விட்டு ஒரே உதை உதைக்க வேண்டும். பலத்தால் பத்து முறை உதைத்தும் கிளம்பாத வண்டி, இம்முறையில் ஒரே உதையில் கிளம்பும். அக்காலத்தில் அஞ்சல்துறையினரும் காவலரும் கிளைக் கிராமங்களுக்குச் சென்ற பங்குக் குருக்களும் அறிந்திருந்த இந்த வித்தை, பெரியவர் வாய்மொழியாகவே இளையவரை அடைந்தது.

எறியாமல் செப்பனிடுதல்

குறைந்த செலவின் முழு இரகசியமும் லேத் பட்டறையில் இருக்கிறது. தேய்ந்த சிலிண்டரை மாற்றத் தேவையில்லை. ரீபோர் செய்து, சற்றே பெரிய பிஸ்டன் போடலாம். ரீபோர் செய்யவும் இடமில்லாத அளவு தேய்ந்திருந்தால், உள்ளே புதிய லைனர் இறக்கி முதலளவுக்கே கொண்டுவரலாம். ஆடுகின்ற கோல்களுக்குக் கன்மெட்டலில் புஷ் கடைந்து போடலாம். மரை அழிந்த துளைக்கு உள்மரை போட்டு உயிர் கொடுக்கலாம். கோவையிலும் சென்னையிலும் இவ்வேலையில் கைதேர்ந்தவர் இன்றும் இருக்கின்றனர். ஆனால் அவர்களுள் பலர் முதியோர். அவர்தம் மக்கள் வேறு தொழிலுக்குச் சென்றுவிட்டனர். நாம் வேலை கொடுக்காவிட்டால் அப்பட்டறைகள் மூடப்படும். மூடப்பட்டால் அக்கைத்திறன் எந்த விலைக்கும் கிடைக்காது. ஆகவே அவர்களிடம் கூலியில் மிகையாகப் பேரம் பேசுவது சிக்கனம் ஆகாது.

பேரிங் வாங்குவதில் ஒரு நுணுக்கம் உண்டு. பெரும்பாலான பேரிங்குகள் உலகப் பொது அளவில் செய்யப்படுபவை. பழைய பேரிங்கைத் துடைத்துப் பார்த்தால் விளிம்பில் எண் பொறித்திருக்கும். வண்டியின் பெயரைச் சொல்லாமல் அந்த எண்ணைச் சொல்லிப் பேரிங் கடையில் கேட்டால், தரமான பொருள் நியாயமான விலைக்குக் கிடைக்கும். ஆயில் சீலும் அவ்வாறே. உள்விட்டம், வெளிவிட்டம், கனம் என்ற மூன்று அளவுகள் போதும்.

மரைகளில் எச்சரிக்கை வேண்டும். ஜாவாவின் மரைகள் மெட்ரிக் அளவின. பழைய புல்லட்டிலோ ஆங்கிலேய அளவு மரைகள் பல உண்டு. ஏறத்தாழப் பொருந்துகிறதே என்று வேறு போல்ட்டை முறுக்கி ஏற்றினால், அலுமினிய உறையின் மரை அழிந்துவிடும். பத்து ரூபாய் போல்ட் ஓர் உறையையே பாழாக்குவது இப்படித்தான்.

பழைய பாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டையும் கோவை உக்கடமும் பெயர்பெற்ற இடங்கள். அங்குச் செல்வோர் தேவையான பாகத்தின் மாதிரியைக் கையோடு கொண்டு செல்வதும், ரசீது கேட்டு வாங்குவதும் நலம். எண் பொறித்த இயந்திரப் பெட்டியை மட்டும் ரசீதும் ஆவணமும் இன்றி ஒருபோதும் வாங்கலாகாது.

நிறம் பூசுவது பற்றியும் ஒரு சொல். வண்டியைப் பளபளவென்று ஆக்கிவிட வேண்டும் என்ற ஆசை இயல்பே. ஆனால் திருவொற்றியூரில் புல்லட்டின் எரிபொருள் தொட்டி மீது பொற்கோடுகளைக் கைத்தூரிகையால் வரைந்தார்கள் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். சற்றே மங்கியிருந்தாலும் அக்கோடு ஒரு தொழிலாளியின் கையெழுத்து. உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்துவிட்டால் அது திரும்பி வராது. பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு 2012-13ஆம் ஆண்டுகளில் வகுத்த டூரின் சாசனமும், புதுப்பிப்பதைவிட உள்ளதை உள்ளவாறு பாதுகாப்பதற்கே முதலிடம் தருகிறது. மெழுகு பூசித் துடைப்பதற்கு ஆகும் செலவு சிறிது. முழு நிறம் பூசுவதற்கு ஆகும் செலவு பெரிது. இங்கே சிக்கனமும் வரலாறும் ஒரே பக்கம் நிற்கின்றன.

சிக்கனம் கூடாத இடங்கள்

எல்லாவற்றிலும் மிச்சம் பிடிப்பது அறிவுடைமை அன்று. டயர், டியூப், பிரேக், கேபிள், மின்கம்பி ஆகிய ஐந்திலும் பழையதை நம்பலாகாது. பார்வைக்குப் பூக்கள் தேயாமல் இருக்கும் டயரும், ஆண்டுகள் சென்றால் ரப்பர் இறுகி வெடிப்பு விடும். வெடிப்புற்ற டயரோடு நெடுஞ்சாலையில் செல்வது உயிரோடு விளையாடுவதாகும். வெடித்த மின்கம்பியில் ஏற்படும் ஒரு பொறி, பெட்ரோல் தொட்டிக்கு அருகே எவ்வளவு தீங்கு விளைக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கக் கூடும். அந்தத் தூசியை வாயால் ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ கூடாது, நுரையீரலுக்குப் பெருங்கேடு. ஈரத் துணியால் துடைத்துத் துணியையும் அப்புறப்படுத்த வேண்டும். குழந்தைகளை அந்த வேலையின்போது அருகில் விடலாகாது.

எரிபொருள் தொட்டியின் துரு மற்றொரு தொல்லை. பித்தளைப் பாத்திரத்தின் களிம்பைப் புளி நீக்குவது போல, வினிகர் போன்ற மென்மையான அமிலம் துருவை நீக்கும். ஊற்றிச் சில நாள் வைத்து, நன்கு கழுவி, உடனே உலர்த்தி, சிறிது எண்ணெய் சுழற்றி வைக்க வேண்டும். ஓட்டை இருந்தால் தாமே வெல்டிங் செய்ய முயலக் கூடாது. காலியான தொட்டியிலும் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும். நெருப்புப் பட்டால் வெடிக்கும். அதனை அத்தொழில் அறிந்தவரிடமே விட வேண்டும்.

இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் அது இளக்கும். ஈரத்தை ஈர்த்துத் தொட்டியில் துரு ஏற்றும். ஆகவே எத்தனாலைத் தாங்கும் புதிய குழாயை மாற்றுவதும், வண்டியைப் பல வாரங்கள் நிறுத்துவதாயின் பெட்ரோலை வடித்துவிடுவதும் நன்று. ஜாவா, ராஜ்தூத் வைத்திருப்போர் பெட்ரோலோடு உரிய எண்ணெயைக் கலக்க மறந்தால், சில கிலோமீட்டரில் பிஸ்டன் இறுகிப் பெருஞ்செலவு வந்துவிடும் என்பதையும் மறக்கலாகாது.

வீட்டுக் கணக்கு

இனி எல்லாவற்றினும் முதன்மையானதற்கு வருவோம். செப்பனிடும் செலவு, குடும்ப வரவு செலவோடு கலக்கக் கூடாது. பிள்ளைகளின் கல்விக் கட்டணம், மருத்துவம், வீட்டுக் கடன் ஆகியவை போக மீதியில் ஒரு சிறு தொகையைக் கணவனும் மனைவியும் பேசி முடிவு செய்ய வேண்டும். எடுத்துக்காட்டாக, மாதம் 1,500 ரூபாய் என்று வைத்தால் ஆண்டில் 18,000 ரூபாய் சேரும். அந்த ஆண்டில் அந்தத் தொகைக்குள் முடியும் வேலையை மட்டுமே தொட வேண்டும். முதல் ஆண்டு ஆவணம், டயர், பிரேக்; இரண்டாம் ஆண்டு இயந்திரம்; மூன்றாம் ஆண்டு மின்னமைப்பும் இருக்கையும்; நிறமும் குரோம் பூச்சும் கடைசியில். இந்த வரிசையில் சென்றால் ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் கையில் ஏதேனும் முடிந்த வேலை இருக்கும். வரிசை தலைகீழானால், பளபளக்கும் வண்டி ஒன்று ஓடாமல் நிற்கும்.

கணக்கு நோட்டு ஒன்று கட்டாயம் வேண்டும். அது மறைவாக இருக்கலாகாது. மனைவிக்குத் தெரியாமல் வாங்கிய சைலன்சரும், ‘நண்பன் கொடுத்தான்’ என்று சொல்லிக் கொண்டுவந்த கார்புரேட்டரும் வண்டியைச் சீராக்கலாம். இல்லத்தின் நம்பிக்கையைப் பழுதாக்கிவிடும். அந்தப் பழுதை நீக்க எந்த லேத் பட்டறையும் இல்லை. கடன் வாங்கியும், வட்டிக்கு நகை வைத்தும் பழைய வண்டி வாங்குவோர்க்கு ஒன்று சொல்லலாம்: இந்த வண்டி உங்களுக்கு முன் ஐம்பது ஆண்டு காத்திருந்தது, இன்னும் இரண்டு ஆண்டு காத்திருக்கும்.

‘வாங்கி வைத்தால் விலை ஏறும்’ என்று முதலீடாக எண்ணுவதும் பிழை. சில வண்டிகளின் விலை ஏறியது உண்மையே. ஆயினும் நாம் செலவிட்ட பணத்தையும் உழைத்த நாள்களையும் கூட்டினால், விற்ற விலை அதற்கு ஈடாவது அரிது. ஆதாயம் வேறிடத்தில் இருக்கிறது. ஞாயிறு பிற்பகலில் தந்தை ஸ்பேனர் பிடிக்க, மகளோ மகனோ விளக்குப் பிடித்து நின்று, ‘இது எதற்கு அப்பா?’ என்று கேட்கும் இல்லத்தில் ஒரு தொழிற்கல்வி நடக்கிறது. பொருளை எறிந்துவிட்டு வேறு வாங்குவதே வழக்கமாகிவிட்ட காலத்தில், பழுதானதைச் சீராக்கலாம் என்பதைக் கண்ணால் கண்டு வளரும் பிள்ளைக்கு அது வாழ்நாள் பாடம்.

ஒரு வண்டியே போதும்

சேகரிப்பாளர் என்றால் கொட்டகை நிறைய வண்டிகள் வேண்டும் என்பதில்லை. மழையில் நனையும் ஐந்து வண்டிகளைவிட, கூரையின் கீழ் ஒழுங்காக ஓடும் ஒரு வண்டி மேலானது. இடமும் பணமும் குறைந்தவர் வண்டிக்குத் துணையானவற்றைச் சேகரிக்கலாம்: அந்த வகையின் பழுதுநீக்கும் கையேடு, உதிரிப் பாகப் பட்டியல், வண்டியோடு வந்த கருவிகள், பழைய விளம்பரத் தாள்கள், அதை ஓட்டியவரின் நிழற்படங்கள். இவை பழைய புத்தகக் கடைகளில் சிறு தொகைக்குக் கிடைக்கின்றன. வருங்காலத்தில் வண்டியைப் போலவே மதிப்புப் பெறும். ஓர் ஊரில் நான்கு நண்பர்கள் ஆளுக்கொரு வண்டி வைத்துக்கொண்டு, விலையுயர்ந்த கருவிகளைப் பொதுவில் வாங்கிப் பகிர்ந்துகொண்டால், ஒவ்வொருவர் செலவும் குறையும். நால்வருக்கும் நான்கு வண்டி கற்கக் கிடைக்கும். கோவைப் பக்கம் செல்வோர் அங்குள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்தையும் கண்டு வரலாம். பழைய வாகனங்களைப் பேணிக் காக்கும் முறை எத்தகையது என்பது நேரில் கண்டால் விளங்கும்.

இன்னொன்றும் செய்யலாம். உங்கள் ஊரில் நாற்பது ஆண்டாகப் புல்லட்டோ ஜாவாவோ பழுதுபார்த்த முதியவர் ஒருவர் இருப்பார். அவர் கடைக்குச் சென்று அமர்ந்து, அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். இயந்திரம் ‘டொக் டொக்’ என்று கீழிருந்து ஒலித்தால் எது தேய்ந்தது, மேலிருந்து ‘டிக் டிக்’ என்றால் எது தளர்ந்தது என்பதையெல்லாம் காதாலேயே அறியும் மனிதர் அவர். புத்தகத்தில் அச்சேறாத அந்த அறிவு, அவரோடு மண்ணுக்குள் போய்விடக் கூடாது. உதிரிப் பாகத்தை என்றேனும் ஒரு பட்டறையில் மீண்டும் கடைந்து கொள்ளலாம். அவர் செவியைக் கடைந்து தர எந்தப் பட்டறையாலும் ஆகாது.

ஆகவே, தாத்தாவின் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட நினைப்போர் ஒரு வாரம் பொறுத்திருங்கள். அதைச் செப்பனிட நினைப்போரும் ஒரு வாரம் பொறுத்திருங்கள். இருவருக்கும் முதல் வேலை ஒன்றே. வீட்டுப் பெட்டியில், பத்திரங்களுக்கும் பழைய ரசீதுகளுக்கும் இடையே, அந்த ஆர்.சி. புத்தகம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அது கிடைத்தால், மற்றவற்றை மாதத்திற்கு ஒன்றாகச் செய்துகொள்ளலாம்.